அறுப்புக்கு முன்னே தெளிக்கும் உளுந்து

அன்புள்ள ஐயா,

நான் பாபநாசத்திலிருந்து எழுதுகிறேன். கும்பகோணத்தில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தராக இருக்கிறேன். கணவருக்குத் திருச்சியில் வேலை. காலை ரயிலில் போனால் இரவு எட்டரைக்குத்தான் திரும்புவார். ஒன்பதாவதும் ஐந்தாவதும் படிக்கும் இரண்டு பெண்கள், உடன் மாமனார். திருமணத்துக்கு முன் இரண்டு வருடம் தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொண்டேன். மூன்று வருடங்களுக்கு முன் தொடங்கிய வெண்ணெய்க் கிருஷ்ணன் படம், சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து மேடாக வைக்கும் மக்கு வேலை பாதியில் நின்று, பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது. எல்லா வேலையும் முடிந்ததும் உட்காரலாம் என்று தினமும் நினைக்கிறேன். முடியும்போது மணி பத்தரை. பிள்ளைகள் வளரட்டும் என்கிறார் அம்மா. விற்றால் காசு வருமென்றால் செய் என்கிறார் கணவர். என் படம் கடைமடை வயலாகிவிட்டது. அதற்கு நேரம் கேட்பது சுயநலமா? பேசாமல் விட்டுவிடலாமா?

எஸ்., பாபநாசம்

அன்புள்ள எஸ்.,

கடைமடை என்ற ஒரு சொல்லிலேயே நிலைமையைச் சொல்லிவிட்டீர்கள். ஜூன் 12ஆம் தேதி மேட்டூரில் திறக்கும் தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடுகிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வழியிலுள்ள வயல்களெல்லாம் குடித்தது போக எஞ்சியது தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் போய்ச் சேருவதற்குள் நாற்று கருகிப்போன ஆண்டுகளும் உண்டு. தலைமடைக்காரர் பொல்லாதவராக இருந்துதான் அப்படி ஆக வேண்டும் என்பதில்லை. மடை திறந்திருக்கிறது, தண்ணீர் பாய்கிறது, அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் யாரும் உங்களைத் தடுக்கவில்லை என்பது கடிதத்திலிருந்தே தெரிகிறது. மிச்சம் வரட்டும் என்று நீங்கள்தான் காத்திருக்கிறீர்கள். வீட்டு வேலையோ எந்த நாளும் மிச்சம் வைப்பதில்லை.

தண்ணீர் குறைந்த ஆண்டில் இத்தனை நாள் காவிரிக்கு, இத்தனை நாள் வெண்ணாற்றுக்கு என்று முறை வைத்து விடுகிறார்கள் அல்லவா? அந்த முறை வேலை செய்வதற்குக் காரணம், அது எல்லோருக்கும் தெரிந்த நாள் என்பதும், அந்த நாளில் மேலேயுள்ள சில மதகுகளை, மதகு பார்க்கும் ஊழியரான லஸ்கர் வந்து அடைக்கிறார் என்பதும்தான். ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது உட்கார வேண்டும் என்று நீங்கள் மனதுக்குள் வைத்திருப்பது முறை அல்ல. வீட்டில் நாலு பேருக்கும் தெரியாத முறை செல்லாது. அது தெரிந்துவிட்டால், சுயநலமா என்ற கேள்விக்கும் வேலையில்லை. முறைத் தண்ணீரை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பெரியவரை உதாரணம் காட்டுவார்கள். நம் மாயூரத்திலேயே வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்துகொண்டே கீர்த்தனைகள் இயற்றினார், பின்னர் 1879இல் தமிழின் முதல் நாவலையும் வெளியிட்டார். மனமிருந்தால் நேரம் கிடைக்கும் என்பார்கள். அவர் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டு உலையை யார் வைத்தார்கள் என்பதை உதாரணம் காட்டுகிறவர்கள் கேட்பதில்லை. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் கொடுப்பதாகத் தெரியவந்தது. வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு போட்ட சராசரி அது; கையே வைக்காதவர்கள் அதில் சேரவில்லை. உங்கள் பத்தரை மணி எங்கிருந்து வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நானும் அந்த வரிசையில் நிற்கிறவன்தான். பள்ளி ஆசிரியர் வேலையில் இருந்த காலம் முழுவதும் விடிகாலை நாலரைக்கு எழுந்து ஆறரை வரை எழுதினேன். அதை என் ஒழுங்கு என்று மேடைகளில் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறேன். ஒரு மார்கழியில் என் மனைவி காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டாள். பால் வாங்கிக் காய்ச்சி, டிகாக்ஷன் இறக்கி, வாசல் தெளித்து, இட்லி ஊற்றி, மகளுக்குத் தலை பின்னி (நான் பின்னிய சடையை அவள் தெருமுனையில் அவிழ்த்துத் தோழியிடம் மறுபடி பின்னிக்கொண்டு போனாள் என்பது பின்னால்தான் தெரிந்தது) நிமிரும்போது பள்ளி மணி அடிக்கிற நேரமாகிவிடும். அந்தப் பத்து நாளில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. என்னுடையது என்று நினைத்திருந்த அந்த இரண்டு மணி நேரம் அவள் பங்கிலிருந்து எடுத்தது. கேட்டு எடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் கேட்டே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது உதவி என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உதவி என்று கேட்டால் வேலை உங்களுடையதாகவே இருக்கும். உப்பு எங்கே, புளி எங்கே என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள். ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அடுப்படி உங்கள் பொறுப்பு என்று கணவரிடம் சொல்லுங்கள். அன்று ரசமும் அப்பளமும்தான் என்றால் அதுவே சமையல். சாம்பாரில் பருப்பு வேகாமல் கிடந்தால் எழுந்து போகாதீர்கள்; அதுதான் கடினமான பகுதி. ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு அரிசி களையத் தெரியும். மாமனாரின் உடல்நிலை பற்றி நீங்கள் எழுதவில்லை. முடிகிறவராக இருந்தால், முருங்கைக்கீரை உருவுவதை அவரிடம் விட்டுவிடலாம்.

அடுத்தது, நேரத்துக்கேற்ற வேலை. உங்கள் கலையில் இது பெரிய வசதி என்றே நினைக்கிறேன். பலகையில் துணி ஒட்டுவது, மாவு பூசித் தேய்ப்பது, வரைவது, கல் பதிப்பது, மக்கு வைப்பது, தங்கத்தாளான ரேக்கு ஒட்டுவது, கடைசியில் வண்ணம் என்று அது படிப்படியாகப் போகிறது. நடுநடுவே காயவிட்டுக் காத்திருக்கவும் வேண்டியிருக்கிறது. மக்கு குழைத்துவிட்டால் ஈரம் இருக்கும்போதே தூரிகையில் எடுத்து வைத்து முடிக்க வேண்டும், பாதியில் குக்கர் விசில் கேட்டு எழுந்தால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். மூன்று வருடத்துக்கு முன் உங்களுக்கு நேர்ந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதையும் ரேக்கையும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க எண்களைப் பார்த்த கண்ணிடம் இரவில் ரேக்கு வெட்டக் கொடுப்பது கொடுமை. வார நாளில் அரைமணி கிடைத்தால் அடுத்த படத்துக்குக் கோடு போடலாம், தேய்க்கலாம், கற்களை அளவுவாரியாகப் பிரிக்கலாம். கல் பிரிப்பதற்கு உங்கள் சின்னவளே போட்டி போட்டுக்கொண்டு வருவாள். எதுவுமே முடியாத வாரமும் வரும், காலாண்டுக் கணக்கு முடிக்கிற வாரம் போல. அந்த வாரத்தை விட்டுவிடுங்கள், ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

விற்பது பற்றி உங்கள் கணவர் சொன்னதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காசு வருகிற காரியத்துக்குத்தான் நம் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார அனுமதி இருக்கிறது, அவர் அந்த வழக்கத்தைச் சொல்கிறார். ஆனால் ஆர்டர் எடுத்துவிட்டால் வங்கி, வீடு என்ற இரண்டோடு மூன்றாவது வேலையாகத் தேதி வைத்துச் செய்துகொடுக்க வேண்டியிருக்கும். இந்தக் கிருஷ்ணன் உங்கள் கூடத்துக்கே இருக்கட்டும்.

அம்மா சொன்னதுதான் எனக்குச் சம்மதமில்லை. தை மாதத்தில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நெல் நிற்கும்போதே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லுக்கு அடியில் அது முளைத்து, அறுப்புக்குப் பிறகு மண்ணில் தங்கிய ஈரத்திலும் பனியிலுமே காய்த்துவிடும். மிஷின் அறுப்பு வந்தபின் சக்கரத்தடத்தில் கொஞ்சம் நசுங்கும். நசுங்கட்டும் என்றுதான் தெளிக்கிறார்கள். கதிரெல்லாம் வீட்டுக்கு வந்து சேரட்டும், பிறகு நிதானமாகத் தெளிக்கலாம் என்று இருந்தவர் வயலில் அதற்குள் தரை வெடித்திருக்கும். சின்னவள் கல்லூரிக்குப் போக இன்னும் ஏழெட்டு வருடம் ஆகும். அதுவரை தூரிகை பிடிக்காத கை அன்றைக்கு ஞாபகமாக வளையும் என்று நான் நம்பவில்லை.

இது ஐப்பசி, அடைமழைக் காலத்தில் மக்கு காய இரண்டு மூன்று மடங்கு நாளாகும், ஆகவே புது மக்கை இப்போது குழைக்க வேண்டாம். முதலில் பலகையை பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்துவிடுங்கள், சுவரின் ஈரம் அதில் ஏறும். கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், சுவரைத் தொடாமல் நிறுத்தி வையுங்கள். பழைய மக்கில் மயிரிழை வெடிப்பு மட்டும் இருந்தால் தை பிறந்ததும் நீர்க்கக் கரைத்துப் பூசிச் சரிசெய்துவிடலாம். நகத்தால் தட்டும்போது பொத்தென்று ஒலித்தால் அந்த இடம் பலகையை விட்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பகுதியை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டியிருக்கும்.