கமாரோவா, மஸ்டாங்கா? தரைத்தகட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

பழைய அமெரிக்க கார்கள்: வாசகர் கேள்வி பதில்

டல்லாஸ் வாசகர்: சிறு வயதிலிருந்தே ஒரு மசில் கார், அதாவது பெரிய எஞ்சின் வைத்த வேகமான பழைய அமெரிக்க கார், வைத்திருக்க ஆசை. இப்போதுதான் கையில் பணம் சேர்ந்திருக்கிறது. இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1969 கமாரோ எஸ்.எஸ். 350 (எஸ்.எஸ். என்பது அதன் வேக ரகம்). சிவப்பு நிறம், புது பெயின்ட், கறுப்பு வினைல் கூரை, பார்த்தால் பளபளவென்று இருக்கிறது. காகிதம் எதுவும் இல்லை. எஞ்சின் ஆலையில் பூட்டியதுதான், எல்லா எண்களும் பொருந்தும் என்கிறார் விற்பவர். மற்றொன்று 1969 மஸ்டாங் மாக் 1, நான்கு பேரல் (காற்று போகும் நான்கு வாய்) கார்புரேட்டர் வைத்த 351 கன அங்குல எஞ்சின். பெயின்ட் வெளுத்து, சீட் கிழிந்திருக்கிறது. ஆனால் ஆலையின் உற்பத்திப் பதிவிலிருந்து எடுத்த மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது. கமாரோவின் விலை பல ஆயிரம் டாலர் கூடுதல். மனைவிக்கு கமாரோதான் பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பதினைந்து வயது மகனோடு சேர்ந்து வேலை பார்க்கவும் நினைக்கிறேன். எதை எடுக்கலாம்?

பதில்: மஸ்டாங்கை எடுங்கள். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் இன்னொரு முறை போய், நான் சொல்கிற இடங்களைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

முதலில் எஞ்சின் கணக்கை முடித்துவிடுகிறேன். எல்லோரும் சண்டை போடுவது அதைப் பற்றித்தான். அந்த கமாரோவின் 350 எஞ்சினுக்கு ஆலை சொன்னது 300 குதிரைத்திறன். உங்கள் மாக் 1-க்கு 290. இந்தப் பத்து குதிரை உங்கள் வலது காலுக்குத் தெரியப்போவதில்லை. இரண்டுக்கும் சக்கர இடைவெளி 108 அங்குலம். இரண்டிலும் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்தான். இந்த ஒற்றுமைக்குக் காரணம் உண்டு. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங்கைக் காட்டியது. முதல் ஆண்டிலேயே நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. அதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் தன் செவர்லே பிரிவின் மூலம் 1966 செப்டம்பரில் கொண்டுவந்த நேரடிப் பதில்தான் கமாரோ. ஆகவே வண்டியின் வகையை வைத்து உங்களால் முடிவெடுக்க முடியாது. கண்முன் நிற்கும் அந்த இரண்டு வண்டிகளின் உடம்பை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இந்த வயதில் எந்த எஞ்சினையும் இறக்கிப் புதுப்பித்துவிடலாம். அதற்கு ஆகும் செலவு முன்கூட்டியே தெரியும். துருப்பிடித்த பாடியின் செலவு வெட்டி எடுக்க எடுக்கத்தான் தெரியவரும்.

சிவப்பு கமாரோவில் என்னை முதலில் பயமுறுத்துவது அந்த வினைல் கூரை. பின் கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. வினைலுக்கு அடியில் புகுந்த தண்ணீர் அங்கே தேங்கி, தகட்டைத் தின்று, டிக்கிக்குள் சொட்டும். டிக்கியின் விரிப்பைத் தூக்கிவிட்டு, பின் கண்ணாடிக்கு நேர் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். வினைலின் ஓரங்களில் விரலால் அழுத்துங்கள். எங்காவது கொப்புளம்போல் புடைத்திருந்தாலோ, நொறுநொறுவென்று சத்தம் கேட்டாலோ உள்ளே துரு இருக்கிறது. அடுத்து, ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பின் சக்கரத்துக்குப் பின்னால் பாடியின் அடிப்பகுதியில் வைத்து நகர்த்துங்கள். காந்தம் ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் பட்டி அப்பியிருக்கிறார்கள். அது எவ்வளவு ஆழம் என்று புது பெயின்ட் சொல்லாது. விற்பதற்கு முன் அடித்த பெயின்டை நான் ஒருபோதும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது 'எண்கள் பொருந்தும்' என்ற பேச்சு. கமாரோவின் அடையாள எண் 12437 என்று தொடங்கினால், அது எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினோடு ஆலையை விட்டு வந்த கூப்பே (இரண்டு கதவு வண்டி) என்று மட்டுமே பொருள். அது எஸ்.எஸ். வண்டியா, சாதாரண வி8 வண்டியா என்று அந்த எண் சொல்லவே சொல்லாது. அமெரிக்காவில் விற்ற கமாரோக்களுக்கு, எழுதிக் கேட்டு வாங்கக்கூடிய ஆலைப் பதிவும் கிடைப்பதில்லை. முதல் உரிமையாளருக்கு உத்தரவாதப் புத்தகத்தோடு கொடுத்த சிறு உலோகத் தகடோ, வண்டியில் பூட்ட வேண்டியவற்றை எழுதிய ஆலையின் பில்டு ஷீட்டோ இருந்தால்தான் நம்பலாம். உங்கள் விற்பனையாளரிடம் இரண்டும் இல்லை.

மிஞ்சுவது எஞ்சினில் உள்ள முத்திரை. வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் வலப்பக்கம் வரும் சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கில் ஒரு சின்னத் தட்டையான பரப்பு இருக்கும். எண்ணெய்க் கறையைத் துணியால் மெதுவாகத் துடையுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். ஆலையில் அந்தப் பரப்பைச் சீவிய வெட்டுக்கருவி, முன்னிருந்து பின்னாக முடிபோன்ற மெல்லிய கோடுகளை விட்டுப் போயிருக்கும். எண்கள் அந்தக் கோடுகளின் மேல் பதிந்திருக்க வேண்டும். பரப்பு மழமழவென்று இருந்தாலோ, உப்புத்தாள் தேய்த்தது போன்ற வட்டக் கீறல்கள் தெரிந்தாலோ, பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வர வேண்டும். நேர்மையாக எஞ்சின் புதுப்பித்தபோது மேற்பரப்பைச் சீவியதாலும் கோடுகள் போயிருக்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு நீங்கள் ஏன் பல ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

மஸ்டாங்கில் இந்தத் தொல்லை பெருமளவு இல்லை. ஃபோர்டு, எஞ்சினை அடையாள எண்ணிலேயே எழுதி வைத்தது. உங்கள் வண்டியின் எண்ணில் ஐந்தாவது இடத்தில் 'எம்' இருந்தால் அது நான்கு பேரல் 351. கதவில் உள்ள தகட்டில் 63சி என்று இருந்தால் அது மாக் 1. 1967 முதலான ஃபோர்டு வண்டிகளின் உற்பத்திப் பதிவுகள் மார்ட்டி நிறுவனத்திடம் இருக்கின்றன. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். நிறம், கியர்பாக்ஸ், பின் அச்சின் விகிதம் எல்லாம் அதில் இருக்கும்.

இனி மஸ்டாங்கின் நோய். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில், காற்று போவதற்கான சல்லடைத் துளைகள் இருக்கின்றன. மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி, இரு ஓரங்களிலும் வெளியேற வேண்டும். உள்ளே இருக்கும் தகடு துருப்பிடித்துவிட்டால் அந்தத் தண்ணீர் நேராக உங்கள் காலடியில் வந்து விழும். ஒரு பாட்டில் தண்ணீரை அந்தத் துளைகளில் மெதுவாக ஊற்றுங்கள். மகனை உள்ளே குனியச் சொல்லி, டாஷ்போர்டுக்கு அடியில் இரு பக்கமும் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கை நனைந்தால் வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை. விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும். ஏனென்றால் அதைச் சரிசெய்ய மேல்தகட்டின் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுப் பிரிக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. பேட்டரிக்கு அடியில் உள்ள தகட்டையும், எஞ்சினுக்கு இரு பக்கமும் ஷாக் அப்சார்பரைத் தாங்கும் கோபுரங்களில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டியைத் தூக்கி, முன் சட்டம் தரைத்தகட்டோடு சேரும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். அங்கே இரும்பு பொடிந்து உள்ளே போனால் மறுபேச்சில்லாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

மகனோடு வேலை பார்ப்பதற்கும் 351 நல்ல தேர்வுதான். மஸ்டாங்கின் எஞ்சின் அறை குறுகலானது. 428 போன்ற பெரிய எஞ்சினில் பிளக் மாற்றுவதற்குள் கை தோல் உரிந்துவிடும். 351-இல் அந்த அளவுக்குத் துன்பம் இல்லை. முதல் செலவு பிரேக்குக்கு இருக்கட்டும்: முன் சக்கரங்களில் டிரம் இருந்தால் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். அடுத்து பெட்ரோல் குழாய்கள். இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் பழைய ரப்பரை அரித்துவிடும். ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு வால்வு சீட் (வால்வு வந்து அமரும் இடம்) தாங்குமா என்று பலர் கவலைப்படுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு அது அவசரமில்லை. ஹெட்டைக் கழற்றும் காலம் வரும்போது கடின உலோக சீட் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் துணைவியாரின் ரசனையில் குறையே இல்லை. சக்கர வளைவுகளிலிருந்து பின்னோக்கி இழுத்துவிட்ட அந்தக் கோடுகள் 1969 கமாரோவுக்கு மட்டுமே உரிய அழகு. வேறொரு கமாரோ, காகிதத்தோடும் வினைல் கூரை இல்லாமலும் வந்தால் எனக்கு எழுதுங்கள்.

டொரொன்டோ வாசகர்: 1970 டாட்ஜ் சாலஞ்சர் ஆர்/டி (அதன் வேக ரகம்) ஒன்று விலைக்கு வருகிறது. 426 ஹெமி எஞ்சின் (அரைக்கோள எரி அறை வைத்தது), அசல் ஹெமி வண்டி என்கிறார்கள். அடையாள எண் 'ஜேஎஸ்23என்0பி' என்று தொடங்குகிறது. நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். 1970-இல் ஹெமி வண்டிக்கு அந்த இடத்தில் 'ஆர்' இருக்க வேண்டும். உங்களுடையதில் இருப்பது 'என்'. அது 335 குதிரைத்திறன் கொண்ட 383. பின்னால் யாரோ ஹெமி எஞ்சினை ஏற்றியிருக்கிறார்கள். 383 ஆர்/டி நல்ல வண்டிதான். ஆர்/டி விலையோடு அந்த எஞ்சினுக்கு உரிய விலையைச் சேர்த்துக் கொடுக்கலாம். ஹெமி வண்டி என்று கேட்கும் விலையைக் கொடுக்கக் கூடாது.

கோயம்புத்தூர் கல்லூரி மாணவர்: 1972-இல் எல்லா மசில் கார்களின் குதிரைத்திறனும் திடீரென்று சரிந்துவிட்டதே, ஒரே ஆண்டில் எஞ்சின்களை அவ்வளவு கெடுத்துவிட்டார்களா?

பதில்: கெடுத்தது பாதி, அளவுகோல் மாறியது பாதி. 1971 வரை எஞ்சினைத் தனியே சோதனை மேடையில் ஏற்றி, காற்று வடிகட்டி, சைலன்சர், விசிறி போன்றவை இல்லாமல் அளந்த எண்ணையே விளம்பரத்தில் போட்டார்கள். 1972 முதல் இவற்றையெல்லாம் பூட்டி, வண்டியில் இருக்கும் நிலையில் அளந்த எண்ணைத் தந்தார்கள். செவர்லேவின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் வந்த எல்டி-1 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-இல் 370, 1971-இல் 330, 1972-இல் 255. முதல் சரிவு நிஜமான சரிவு: ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓட வேண்டும் என்பதற்காக அழுத்த விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்பதை) 11-இலிருந்து 9-க்குக் குறைத்தார்கள். இரண்டாவது சரிவுக்குக் காரணம் பெரும்பாலும் அளக்கும் முறைதான்.

மசில் கார்களை உண்மையில் வீழ்த்தியவை வேறு. இளைஞர்களுக்கு இன்ஷூரன்ஸ் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள்; 1970-இன் தூய காற்றுச் சட்டம் வந்தது; சாலை வண்டிகளுக்கான ஹெமி 1971-ஓடு நின்றது; 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்து மிச்சத்தையும் முடித்தது. உங்கள் வயதில் இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. விளம்பர எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், எப்படி அளந்தார்கள் என்று எப்போதும் கேளுங்கள்.

சிங்கப்பூர் வாசகர்: முதல் மசில் கார் மஸ்டாங்தானே?

பதில்: இல்லை. பெரும்பாலோர் அந்தப் பெருமையை 1964 போன்டியாக் ஜி.டி.ஓ.வுக்குத் தருகிறார்கள், நானும் அப்படியே. நடுத்தர அளவு வண்டியில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் விதி வைத்திருந்தது. அதன் போன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனின் குழு 389 எஞ்சினை டெம்பெஸ்ட் வண்டிக்கு ஒரு கூடுதல் வசதியாக மட்டும் காட்டி, விதியைத் தாண்டியது. மஸ்டாங் தன் சொந்த வகையான போனி கார்களிலும்கூட (சிறிய ஸ்போர்ட்டி கார்கள்) முதலாவது என்று அடித்துச் சொல்ல முடியாது. பிளைமவுத் பாரகுடா 1964 ஏப்ரல் 1 அன்றே விற்பனைக்கு வந்துவிட்டது.

நியூ ஜெர்சி வாசகர்: மற்றவர்களுக்கு யோசனை சொல்கிறீர்கள். உங்களுக்கு எது பிடிக்கும்?

பதில்: 1969 கமாரோ இசட்/28. அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் எஞ்சின் ஐந்து லிட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அதற்காகவே செவர்லே 302 கன அங்குல எஞ்சினைக் கட்டியது. முதல் ஆண்டான 1967-இல் செய்தவை 602 வண்டிகள் மட்டுமே. ஆலை சொன்ன 290 குதிரைத்திறனை யாரும் நம்பியதில்லை. 1968, 1969 இரண்டு ஆண்டுகளும் மார்க் டொனஹியூ ஓட்டிய பென்ஸ்கி அணியின் கமாரோ செவர்லேவுக்குப் பட்டம் வாங்கித் தந்தது. 1970-இல் பட் மூர் அணியின் பாஸ் 302 மஸ்டாங்குகள் பட்டத்தை ஃபோர்டுக்குக் கொண்டுபோயின.

நான் டெட்ராய்ட் பக்கத்தில் இருக்கிறேன். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் சாலையில் பழைய வண்டிகளின் பேரணி நடக்கும். அங்கே சிக்னலில் ஒரு இசட்/28 பக்கத்தில் வந்து நின்றால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். நிற்கும்போது எஞ்சின் சீராக ஓடாது. பானெட்டின் அடியில் வால்வுகள் தையல் மிஷின்போல் தடதடக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்றுக்குக் கீழே சோம்பல். 4000-ஐத் தாண்டியதும் குரலே மாறி, 7000 வரை ஒரே மூச்சில் ஏறும். அந்த ஏற்றத்துக்காகத்தான் நான் அந்த வண்டியை விரும்புகிறேன்.

ஆனால் வாங்கும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. எஸ்.எஸ். போலவே இசட்/28 என்பதும் அடையாள எண்ணில் எழுதியிருக்காது. ஆகவே போலிகள் ஏராளம். 1969 எஞ்சின் முத்திரையின் முடிவில் 'டி இசட்' என்ற இரண்டு எழுத்துகள் இருக்க வேண்டும். நான்கு கியர் மேனுவல், முன் சக்கர டிஸ்க் பிரேக் இரண்டும் கட்டாயம். ஆட்டோமேட்டிக் கியரோடு ஒரு வண்டியைக் காட்டி, ஆலையிலிருந்து இப்படியே வந்தது என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். செவர்லே அப்படி ஒரு 1969 இசட்/28-ஐ விற்றதே இல்லை.