ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம் மாணவர்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் மைதானத்துக்குப் போக முடியாது. பிள்ளைகள் இந்த கேமில் உட்கார்ந்துவிடுவார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது என்பது பெற்றோர் பலரின் கேள்வி.

நாமே ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கி, அதுவாகவே ஒரு கற்பனை உலகில் நடமாடும் விளையாட்டு இது. ஆன்லைனில் அதே உலகத்தில் இன்னும் பலர் இருப்பார்கள். இது நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-ல் மாணவர் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த விளையாட்டில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான்.

பள்ளியில் உழைப்பின் பலன் தெரிய அரையாண்டுத் தேர்வு வரை காத்திருக்க வேண்டும். இங்கே உடனே லெவல் ஏறும். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், 'நான் இல்லாமல் ஆகாது' என்ற உணர்வு என்பேன். குழுவாகச் சண்டை போடும்போது ஒருவர் முன்னால் நின்று அடி வாங்குவார், ஒருவர் காயம் ஆற்றுவார், மற்றவர்கள் தாக்குவார்கள். கோயில் அன்னதானம் மாதிரிதான்: காய் நறுக்குபவர், அடுப்பைப் பார்ப்பவர், பரிமாறுபவர் என யார் நகர்ந்தாலும் பந்தி நின்றுவிடும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்கு இப்படி ஓர் இடம் கிடைப்பது சின்ன விஷயமல்ல.

“பாஸ் (pause) பண்ணிட்டு சாப்பிட வா” என்பார்கள் பெற்றோர். பெரும்பாலும் இதில் பாதியில் நிறுத்திவைக்கும் வசதி கிடையாது, குழுச் சண்டை ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் ‘அஞ்சு நிமிஷம்மா’ என்பது எப்போதும் அடம் அல்ல.