மீன் துண்டும் அரைமணி நேர நடையும்

கேள்வி: எனக்கு 38 வயது. தக்கலைப் பக்கம் ஒரு கிராமம். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மகள் பிளஸ் டூ, மகன் ஏழாம் வகுப்பு. மாமிக்குச் சர்க்கரை உண்டு. காலையில் நாலரைக்கு எழும்பினால் இராத்திரி பதினொன்று வரை சோலிதான். ஆறு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. சில நாள் எழும்பவே தோன்றுவதில்லை. பக்கத்து வீட்டு அக்காவோடு சாயங்காலம் கால்வாய்க் கரையில் அரைமணி நேரம் நடக்கப் போனேன். பத்து நாள்தான் போயிருப்பேன். "வயசுப் பிள்ளை இருந்து படிக்குது, தள்ளை உலாத்தப் போறா" என்று மாமி சொன்னார்கள். நிறுத்திவிட்டேன். எனக்கென்று நேரம் கேட்பது சுயநலமா? மீன் குழம்பு வைத்தால் கடைசியில் எனக்குச் சாறுதான் மிஞ்சும், அதைக்கூட நான் குறையாக நினைத்ததில்லை. சமைக்கும்போது பச்சை அரிசியை அள்ளி அள்ளி வாயில் போடுவேன், அதற்கும் ஏச்சு. உறக்கம் வராமல் துணி துவைக்கிற கல்லில் இருந்து இதை எழுதுகிறேன்.

— பெயர் வேண்டாம், தக்கலை

பதில்: சுயநலமா என்ற உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த அரிசி.

அதைக் கெட்ட பழக்கம் என்று ஏசுகிறார்கள், நீங்களும் அப்படியே நம்பிவிட்டீர்கள். உடம்பில் இரும்புச்சத்து குறையும்போது பச்சை அரிசி, மண், சாம்பல், சாக்பீஸ், ஐஸ் கட்டி என்று எதையாவது மென்றுகொண்டே இருக்கத் தோன்றும். கூடவே படியேறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், முதலில் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்றுதான் எந்த மருத்துவரும் சொல்வார். இந்த வாரமே போங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், தக்கலை அரசு மருத்துவமனையும் உங்களுக்குத் தூரமில்லை. தைராய்டும் சர்க்கரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் அரசு மருத்துவமனைகளில் உண்டு, அதையும் அன்றே முடித்துவிடலாம்.

ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமாக இருக்கிறதா என்பதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், பல பேருக்குக் காரணம் அங்கேதான் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை தந்தால் அதோடு கட்டன் சாயா குடிக்காதீர்கள். சாயா அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைத் தண்ணீரோ ஒரு நெல்லிக்காயோ உள்ளே போனால் நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். அளவு சரியான பிறகும் ஏறக்குறைய 3 மாதம் தொடரச் சொல்வார்கள், ஏனென்றால் உடம்பின் சேமிப்பும் நிரம்ப வேண்டும். நம் வீடுகளில் பத்து நாள் தின்றுவிட்டு அலமாரியில் போட்டுவிடுகிறோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

அடுத்தது அந்த மீன் சாறு. குறையாக நினைக்கவில்லை என்று எழுதினீர்கள். நான் குறையாகத்தான் நினைக்கிறேன்! சாளையோ நெத்திலியோ வாங்கிச் செதிலெடுத்து, தேங்காய் அரைத்துக் குழம்பு வைக்கிறீர்கள். மாமிக்கு இரண்டு துண்டு, மகனுக்கு மூன்று, மகளுக்கு இரண்டு. எல்லாருக்கும் விளம்பி முடித்துக் கடைசியாக நீங்கள் அடுக்களையில் நின்றபடி சட்டியில் மரச்சீனிக் கிழங்கைப் போட்டுத் துடைத்துச் சாப்பிடுகிறீர்கள். நான் வந்து பார்க்கவில்லை, ஆனால் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன், என் அம்மாவே அப்படித்தான் சாப்பிட்டாள். மீனிலும் இறைச்சியிலும் இருக்கிற இரும்புச்சத்து, கீரையில் இருப்பதைவிட எளிதாக உடம்பில் சேரும். அந்த வீட்டில் அது அதிகமாகத் தேவைப்படுகிற ஆளுக்குச் சாறு மட்டும் என்றால் எப்படி நியாயமாகும்? இனி விளம்புவதற்கு முன்னாலேயே உங்கள் துண்டை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். பிறகு மற்றவர்களுக்கு விளம்புங்கள். சாப்பிடும்போது உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இனி நடைக்கும், அது சுயநலமா என்ற கேள்விக்கும் வருகிறேன்.

என் ஆச்சி இரணியல் பக்கத்துக்காரி. மத்தியானம் மூன்று மணிக்கு மேலே துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "மக்களே, அடுப்பைப் பாத்துக்கோ, குளத்துக்குப் போயிட்டு வாறேன்" என்று கிளம்புவாள். சிறுபிள்ளையாக நானும் பின்னாலேயே போயிருக்கிறேன். துணி துவைத்து முடிக்க அரைமணி நேரம் ஆகும். அதற்குப் பிறகுதான் அவளுடைய நேரம். படித்துறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு, குதிகாலைக் கல்லில் தேய்ப்பாள், தேய்ப்பாள், அப்படித் தேய்ப்பாள். பக்கத்தில் இன்னும் நாலைந்து பெண்கள் இருப்பார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் முதுகைத் தேய்த்துவிடுவாள். மருமகள் கதை, பால் கறக்காத பசுவின் கதை, செத்துப்போன பிள்ளையின் கதை, எல்லாம் அந்தப் படியில்தான். வெயில் தாழ, ஈரத்தலையோடு வீடு திரும்புகிறவளின் முகமே வேறாக இருக்கும். காலையில் அவளை ஏசிய தாத்தாவுக்கும் சாயங்காலம் சிரித்துக்கொண்டு சாயா போட்டுக் கொடுப்பாள்.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஆச்சியிடம் யாரும் கணக்குக் கேட்டதில்லை. இடுப்பில் துணி மூட்டை இருந்ததே! வேலைக்குப் போகிறாள் என்றுதான் ஊர் பார்த்தது. குளம், திங்கள்சந்தை, நெல் குத்துகிற இடம் என்று நம் பாட்டிமாருக்கு வீட்டுக்கு வெளியே மூச்சு விட ஓரிடம் இருந்தது. பிறகு வீட்டுக்குள் குழாய் வந்தது, மிக்சி வந்தது, வாஷிங் மெஷின் வந்தது. வந்தது நல்லதுதான், முதுகொடிய அந்த உழைப்புக்குத் திரும்பிப் போகச் சொல்லமாட்டேன். ஆனால் துணியோடு சேர்த்து அந்தப் படித்துறையும் போய்விட்டது, அதற்குப் பதிலாக நமக்கு யாரும் எதையும் தரவில்லை. மிச்சமான நேரத்தில் டியூஷனுக்குக் கொண்டுவிடுவதும், பள்ளி வாட்ஸ்அப் குழுவைப் பார்ப்பதும், மூன்று விதமான டிபனும் வந்து உட்கார்ந்துகொண்டன. 2019இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், செய்கிற ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்று வந்தது. உங்கள் கடிதத்தைப் படித்தால் 299 என்பதே குறைவாகத் தோன்றுகிறது.

கால்வாய்க் கரையில் நீங்கள் கேட்ட அரைமணி நேரம் உங்கள் மாமியாருக்கும் ஒரு காலத்தில் கிடைத்ததுதான். அதனால் அவரோடு சண்டை வேண்டாம். ஒரு நாள் காலுக்கு எண்ணெய் தடவும்போது, "மாமி, உங்க காலத்துல எந்தக் குளத்துல குளிக்கப் போவீங்க? யார் யாரெல்லாம் வருவாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெயர் பெயராகச் சொல்வார். சொல்லி முடித்த பிறகு நடையைப் பற்றிப் பேசுங்கள். சர்க்கரைக்கு நடை நல்லது, ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிப் போகலாம். தினமும் கூட்டிப் போகாதீர்கள். அவருக்குக் கை பிடித்து நடந்தால் அதுவும் ஒரு சோலி ஆகிவிடும். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் ஐந்து நாள் அரைமணி நேரம் போனால் கணக்கு சரியாகிவிடும். ரத்த அளவு மிகவும் குறைவாக இருந்தால் மட்டும், மருத்துவர் சொல்லும்வரை மெதுவாக நடங்கள்.

பிளஸ் டூ முடியட்டும் என்று தள்ளிப்போடத் தோன்றும். தள்ளாதீர்கள். அதன் பிறகு கல்லூரி சேர்க்கை வரும், பிறகு மகன் பத்தாம் வகுப்புக்கு வந்து நிற்பான். மகள் படிக்கிற அரைமணி நேரத்தில் நீங்கள் கதவருகே காவல் இருப்பதால் அவளுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கூடிவிடாது. ஆனால் இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அவளும் ஓர் அடுக்களையில் நிற்பாள். தனக்கு ஒரு துண்டு மீன் எடுத்து வைக்கலாமா கூடாதா என்பதை அவள் இப்போது உங்களைப் பார்த்துத்தான் படிக்கிறாள்.

வேலையைக் குறைக்க மகளை மட்டும் கூப்பிடாதீர்கள். ஏழாம் வகுப்புப் பையனுக்குக் கை இருக்கிறது. தட்டையும் டிபன் பாக்ஸையும் அவனே கழுவட்டும், பாட்டிக்குச் சாயங்கால மாத்திரையை அவனே எடுத்துக் கொடுக்கட்டும். கணவரிடம் அனுமதி கேட்பது போல் கேட்காமல், இன்ன நேரம் நடக்கப் போகிறேன் என்று தகவலாகச் சொல்லுங்கள். மூச்சு வாங்குவதையும் அவரிடம் சொல்லுங்கள். அங்கே தனியாகக் கிடப்பவரைக் கலங்கடிக்கக் கூடாது என்று மறைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் பாதி பாரம் இறங்கும்.

ஒன்றை மட்டும் விட்டுவிட மனமில்லை. சில நாள் எழும்பவே தோன்றவில்லை, உறக்கமும் வரவில்லை என்கிறீர்கள். ரத்தசோகையாலும் தைராய்டாலும் இப்படி வரலாம், மனச்சோர்வாலும் வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசுவார்கள். அந்தக் கல்லில் தனியாக இருந்து அழ வேண்டாம், தங்கச்சி.

பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்ததும் என்ன அளவு என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பகல் வெளிச்சத்தில், சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.