ஸான்டாமில் மூலை வீடு வாங்கலாமா?

கேள்வி: ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்க்கிறேன். எனக்கு 34 வயது, மனைவிக்கு 31. பக்கத்து ஊரான ஸான்டாமில் பழைய தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், 1926-இல் கட்டிய மூலை வீட்டைப் பார்த்தோம். கேட்கும் விலை 3,95,000 யூரோ. புது சமையலறை, புது குளியலறை, பக்கவாட்டில் தோட்டம். போட்டி அதிகம், நிபந்தனை எதுவும் வைக்காமல் விலை சொன்னால்தான் கிடைக்கும் என்கிறார் எங்கள் மாக்கெலார் (வீட்டுத் தரகர்). ஊரில் அம்மாவோ மூலை வீடே வேண்டாம் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: நிபந்தனை இல்லாமல் விலை சொல்ல வேண்டாம். இதே வீடு ஐந்தோவனில், பிலிப்ஸ் தொழிலாளர்களுக்காக எழுந்த ட்ரென்ட்ஸ் டோர்ப் மாதிரி ஒரு பகுதியில் இருந்திருந்தால் பாதிக் கவலையை விட்டிருப்பேன். அங்கே மணல் மண். ஸான்டாமில் மண் இளகியது. அந்தக் காலத்து வீடுகள் பெரும்பாலும் மரத்தூண்கள் மேல் நிற்கின்றன.

மரத்தூண் நிலத்தடி நீருக்குள் மூழ்கியிருக்கும் வரை நூறு வருடம் தாண்டியும் தாங்கும். நீர்மட்டம் இறங்கித் தூணின் தலை காற்றுப் பட்டால் பூஞ்சை பிடித்து அழுகத் தொடங்கும். தெருவின் பழைய சாக்கடைக் குழாய் விரிசல் விட்டு நிலத்தடி நீரை இழுத்துக்கொண்டு போவதும் இதற்கு ஒரு காரணம். தூண் பைன் மரமாக இருந்தால், நீருக்குள்ளேயே பாக்டீரியா அரிப்பதும் உண்டு. அடித்தளத்தைப் புதுப்பிக்கும் செலவு சில வீடுகளில் ஒரு லட்சம் யூரோவைத் தொடுகிறது. புது சமையலறையைக் காட்டி விலை ஏற்றியிருக்கிறார்கள் என்றால், அதன் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எப்படித் தெரிந்துகொள்வது? வெளியே நின்று செங்கல் வரிசையைப் பாருங்கள். வரிசை ஒரு பக்கமாகச் சாய்கிறதா, படிக்கட்டு போல ஏறும் விரிசல் இருக்கிறதா, ஜன்னல் மேல்சட்டம் கோணலா? உள்ளே கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். ஒரு கோலிக்குண்டைத் தரையில் விடுங்கள்; நான் பார்த்த ஒரு வீட்டில் அது கூடத்தில் கிளம்பி அடுப்படி வரை போய்த்தான் நின்றது. பெரும்பாலும் வாசல் மிதியடிக்கு அடியில் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்து தரைக்கடியில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏறக்குறைய 500 யூரோவுக்குச் செய்யும் வழக்கமான கட்டுமானப் பரிசோதனையில் யாரும் குழி தோண்டித் தூணைப் பார்ப்பதில்லை. அதற்குத் தனி ஆய்வு வேண்டும். அதனால் விற்பவரிடம் அடித்தள அறிக்கை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். நகராட்சியின் கட்டட ஆவணத்தில் பழைய வரைபடம் கிடைக்கலாம். 2024 முதல் வங்கிக்கான மதிப்பீட்டு அறிக்கையிலும் அடித்தள ஆபத்துக்கு A, B என எழுத்தில் தரம் போடுகிறார்கள். ஆனால் அது தரவை வைத்துப் போடும் கணிப்பு, நேரில் பார்த்துச் சொல்வது அல்ல.

வரிசை வீடுகள் ஒரே அடித்தளத்தில் நிற்பதால், சீரமைப்பும் பெரும்பாலும் சேர்ந்துதான் நடக்கும். பக்கத்து வீட்டில் சொந்தக்காரர் இருக்கிறாரா, வீட்டுவசதிக் கழகத்தின் வாடகைக்காரரா என்று பாருங்கள். கழகத்துக்கு என்ன திட்டம் என்று நேராகவே கேட்கலாம். இதைவிட எளிய வழியும் உண்டு. ஞாயிறு மாலை அந்தத் தெருவுக்குப் போங்கள். இப்படிப்பட்ட பகுதிகளில் வெயில் அடித்தால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பெயரைச் சொல்லிக் கைகொடுத்துப் பேச்சுக் கொடுத்தால், யார் வீடு எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்பது வரை வந்துவிடும். சத்தம் எப்படி என்பதும் அப்போதே தெரியும்.

போட்டியைப் பற்றி: நிபந்தனை வைத்தால் தோற்றுவிடுவோம் என்ற பயம் இருந்தால், விலை சொல்வதற்கு முன்பே பரிசோதனையைச் செய்துவிடுங்கள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்ற கடன் நிபந்தனையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். வங்கி மதிப்பீட்டுத் தொகையில் 100 சதவீதம் வரைதான் தரும். அதற்கு மேல் கூட்டிச் சொன்ன பணமும் நோட்டாரிஸ் (வீட்டைக் கைமாற்றிப் பதியும் சட்ட அலுவலர்) முதலிய செலவுகளும் உங்கள் சேமிப்பிலிருந்து. ஒப்பந்த நகல் கைக்கு வந்ததும் யோசிக்க மூன்று நாள் சட்டப்படி உண்டு. அந்த ஒப்பந்தத்தில் ‘ஔடர்டம்ஸ்க்லௌசுலே’ என்ற பழமைப் பிரிவு இருக்கும். பழைய வீடு என்று தெரிந்தே வாங்குகிறேன் என நீங்கள் ஒப்புக்கொள்வது அது. பின்னால் புகார் சொல்ல இடம் குறையும்.

உங்கள் வயது ஒரு நல்ல விஷயம். இளம் வயதில் வாங்குபவர்களுக்கான வரிச் சலுகையை முதல்முறையாகக் கேட்டு, வாங்கிய வீட்டில் நீங்களே குடியிருந்தால், 35 ஆகும் முன் கைமாற்று வரி 2 சதவீதத்துக்குப் பதில் பூஜ்யம். 2025-இல் இதற்கு விலை வரம்பு 5,25,000 யூரோவாக இருந்தது. வயதைக் கணக்கிடுவது நோட்டாரிஸ் முன் கைமாறும் நாளில், விலை பேசிய நாளில் அல்ல. பிறந்தநாள் நெருங்கினால் தேதியை முன்னால் வையுங்கள். தள்ளிப்போனால் உங்கள் பாதிப் பங்குக்கு 3,950 யூரோ போகும்.

குளிரைப் பொறுத்தவரை, மூலை வீட்டுக்கு வெளிச்சுவர் மூன்று. 1926 வீட்டில் சுவருக்குள் இடைவெளி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் ஒரே நாளில் காப்புப் பொருளை ஊதி நிரப்பிவிடலாம். இல்லையென்றால் செலவு கூடும்.

அம்மாவிடம், தெரு நேராக வந்து வாசலில் முட்டினால்தான் தெருக்குத்து, இது பக்கவாட்டில் போகிற தெரு என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: உட்ரெக்டின் ஸவ்லன் பகுதியில் மூலை வீடு வாங்கிவிட்டோம். பக்கத் தோட்டத்தைச் சுற்றி 2 மீட்டர் வேலி போடலாமா?

பதில்: முதலில் அது முழுக்க உங்கள் நிலம்தானா? மூலை வீடுகளில் முன்னாள் சொந்தக்காரர் நகராட்சியின் பசும்புல் துண்டைத் தன் தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டிருப்பது சாதாரணம். காடாஸ்டர் (நிலப் பதிவேடு) வரைபடத்தோடு அளந்து பாருங்கள். அடுத்து, பொது இடத்தை ஒட்டிய பக்கத்தில் 1 மீட்டர் உயரம் வரைதான் பொதுவாக அனுமதி தேவையில்லை. 2 மீட்டர் வேலிக்கு நகராட்சியில் கேட்டுவிட்டுக் குழி தோண்டுங்கள்.