நிலக்கரி, தாது கையாளும் ஆலையை வடிவமைக்க கணினி சிமுலேஷன் உண்மையிலேயே உதவுமா, வெறும் வண்ணப் படம்தானா?

கண்டிப்பாக உதவும். குறிப்பாக, ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டுக்குச் சரக்கை இறக்கும் சரிவுப் பாதையான சூட்டில் (chute). நான் பார்த்தவரை அதிகம் தொல்லை கொடுக்கும் இடமும் அதுதான்.

மேலிருந்து பாய்ந்து வரும் கரி, கீழ் பெல்ட்டின் நடுவில், அது ஓடும் திசையிலேயே, கிட்டத்தட்ட அதே வேகத்தில் இறங்க வேண்டும். ஓரமாக விழுந்தால் பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கும், சரக்கு சிந்தும். நேர்க்குத்தாக விழுந்தால் ரப்பர் தேயும், தூசி பறக்கும். 1979-இல் கண்டல், ஸ்ட்ராக் இருவரும் வெளியிட்ட டிஸ்கிரீட் எலிமென்ட் முறை ஒவ்வொரு துகளின் மோதலையும் உராய்வையும் தனித்தனியாகக் கணக்கிடுவதால், தகட்டை வெட்டும் முன்பே சூட்டின் வளைவைத் திருத்திப் பார்த்துவிடலாம்.

ஆனால் உள்ளே கொடுக்கும் எண்கள் சரியாக இருக்க வேண்டும். பலர் சரக்கைக் குவித்து, குவியலின் சரிவுக் கோணம் கணினியிலும் அதே அளவு வந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அது போதாது. வழுக்கு உராய்வைக் கூட்டி உருளல் உராய்வைக் குறைத்தாலும் அதே கோணம் வரும்; மாற்றிச் செய்தாலும் வரும். சூட்டின் உட்சுவரில் தேய்மானத்தைத் தாங்கப் பதிக்கப்போகும் அதே லைனர் தகட்டின் மேல் சரக்கு எந்தச் சாய்வில் வழுக்கத் தொடங்குகிறது என்றும் அளந்தாக வேண்டும். அதுவும் ஈரச் சரக்கை வைத்து. காய்ந்த மாதிரியில் தண்ணீராய் ஓடுகிற சூட், மழைக்காலத்தில் நுண்தூள் சுவரில் அப்பிக்கொண்டு அடைத்துக்கொள்ளும். யாராவது வீடியோ காட்டினால், எவ்வளவு ஈரத்தில் சோதித்தீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

சரக்கைச் சேமிக்கும் உயரமான கொள்கலனான சைலோவுக்கு, சரக்கை அழுத்தி நறுக்கி அதன் வலிமையை அளக்கும் ஷியர் சோதனையை வைத்து அடிவாய் அகலத்தையும் சுவர்ச் சாய்வையும் கணக்கிடும் ஜெனிக்கேயின் 1960-களின் முறையே இன்றும் என் முதல் தேர்வு.

ஆலை மொத்தமும் நாளுக்கு எத்தனை டன் தள்ளும் என்பது வேறு கேள்வி. அதற்குத் துகள் கணக்கு வேண்டாம். பழுது, வருகை போன்ற நிகழ்வுகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கும் நிகழ்வு சிமுலேஷன் வேண்டும். தனித்தனியாக 90 சதவீத நேரம் ஓடக்கூடிய மூன்று இயந்திரங்களை இடையில் கிடங்கு எதுவும் இல்லாமல் வரிசையாக இணைத்தால், மூன்றும் சேர்ந்து ஓடுவது சுமார் 73 சதவீத நேரம்தான். இடையில் ஒரு பங்கர் (சேமிப்புத் தொட்டி) வைத்தால் எவ்வளவு மீளும், அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைச் சராசரிக் கணக்கு சொல்லாது. பழுதுகளும் கப்பல் வருகையும் தாறுமாறாக நடப்பதை அப்படியே ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.