ஜெர்மன் மௌனப் படக் காலத்தில் இயக்கமும் நடிப்பும் சேர்ந்து செய்த பால் வேகனரின் திரைவாழ்க்கை எத்தகையது?

திகில், மாயக் கதைகள் ஆகிய வகைகளில் ஜெர்மன் சினிமா பெற்ற புகழுக்கு முதல் அடித்தளம் இட்டவர்களுள் பால் வேகனர் முக்கியமானவர். பலரும் அவரைக் களிமண் மனிதன் கோலெமாக மட்டுமே அறிவார்கள். மேடையில் செய்ய இயலாததைச் செய்வதற்காகவே அவர் கேமராவை நாடினார் என்பதை மனத்தில் கொண்டால்தான் அவருடைய பாதை விளங்கும்.

1874இல் மேற்குப் பிரஷ்யாவில் பிறந்த வேகனர், சட்டப் படிப்பைக் கைவிட்டு நாடகத்துக்கு வந்து, 1906 முதல் பெர்லினில் நாடக இயக்குநர் மாக்ஸ் ராய்ன்ஹார்ட்டின் குழுவில் பெயர் பெற்றார். நாடக நடிகர்கள் பலர் சினிமாவை மட்டமாக எண்ணிய அந்நாளில், 1913இல் ‘பிராகா நகர மாணவன்’ படத்தில் அவர் இரட்டை வேடம் ஏற்றார். கண்ணாடியை விட்டு இறங்கிவரும் சொந்தப் பிம்பமே ஒருவனைத் துரத்தும் கதை அது. ஒளிப்பதிவாளர் கீடோ சேபர் லென்ஸின் ஒரு பாதியை மறைத்துப் படமெடுத்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியில் மீண்டும் எடுத்து அந்த இருவரையும் ஒரே சட்டகத்தில் நிறுத்தினார். திரைப்படத்தின் உண்மையான கவிஞர் கேமராவாகத்தான் இருக்க வேண்டும் என்று 1916இல் ஓர் உரையில் வேகனர் வாதிட்டதன் வேர் இந்த அனுபவத்தில் இருக்கிறது.

பிராகாவில் கேட்ட யூதத் தொன்மமான கோலெமை அவர் மூன்று முறை திரைக்குக் கொண்டுவந்தார். ஹென்ரிக் காலேனுடன் 1915இல் எடுத்ததில் சில துண்டுகளே எஞ்சியுள்ளன. 1917இல் வந்தது, தன் புகழைத் தானே கேலி செய்யும் நகைச்சுவைப் படம். கார்ல் பேசேயுடன் சேர்ந்து இயக்கிய 1920ஆம் ஆண்டுப் படமே நிலைத்தது. கட்டடக் கலைஞர் ஹான்ஸ் போல்ட்சிக், வரைந்த திரைச்சீலைகளை நம்பாமல், கோணலான வீடுகளும் சந்துகளும் கொண்ட யூதக் குடியிருப்பையே எழுப்பினார். கார்ல் ஃபிராய்ண்டின் கேமராவுக்கு முன் வேகனர் முகத்தை ஏறக்குறைய அசைக்காமல், கண்களால் மட்டுமே அந்த உருவத்துக்குள் விருப்பமும் சினமும் முளைப்பதைக் காட்டுகிறார். பின்னாளைய ஹாலிவுட் அசுரர்களில் எனக்கு இதன் சாயலே தெரிகிறது.

ஜெர்மன் நாட்டார் கதைகளையும் அவர் படமாக்கினார். குழலிசையால் எலிகளை ஊரைவிட்டு இழுத்துச் செல்லும் ஹாமெல்ன் குழலூதியின் கதையை 1918இல் எடுத்தபோது, மர எலிகளைச் சட்டகம் சட்டகமாக நகர்த்தும் வேலையில் இளம் லோட்டே ரைனிகரை ஈடுபடுத்தினார். 1926இல் நிழலுருவங்களாலேயே முழுநீளப் படம் எடுத்தவர் அந்த ரைனிகர்தான்.

1925இல் ‘உயிருள்ள புத்தர்கள்’ தோல்வியுற்ற பின், இயக்குநர் வேகனரிடம் பழைய துணிவு காணப்படவில்லை. ஆனால் நடிகராக அவர் தேய்ந்துவிடவில்லை. 1928இல் காலேனின் ‘அல்ரௌனே’ படத்தில் செயற்கையாகப் பெண்ணைப் படைக்கும் பேராசிரியராக வந்தார். நாஜி ஆட்சியில் அரசு நடிகர் என்ற பட்டம் பெற்று, 1945இல் வெளிவந்த ‘கோல்பெர்க்’ உள்ளிட்ட பிரச்சாரப் படங்களிலும் நடித்தார். இதை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையாகாது. அதே 1945 செப்டம்பரில், பெர்லின் டாய்ச்சஸ் தியேட்டர் மீண்டும் திறந்தபோது, லெஸ்ஸிங்கின் ‘ஞானி நாதான்’ நாடகத்தில் மத நல்லிணக்கம் பேசும் யூதர் நாதானாக மேடையேறியவரும் அவரே. 1948இல் காலமானார்.

புதிதாகப் பார்ப்பவர்கள் 1920 கோலெமிலிருந்து தொடங்கலாம். 1913 படம் மெதுவாக நகர்வதால், அதை இரண்டாவதாகப் பார்ப்பதே நல்லது.