பழைய நீராவி எஞ்சினை மியூசியத்தில் நிறுத்தி வைத்தால் போதாதா? இவ்வளவு செலவு செய்து எதற்கு ஓட்ட வேண்டும்?

யார்க் ரயில்வே மியூசியத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டு வந்து இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே மல்லார்ட் பளபளவென்று நிற்கும். 1938-ல் மணிக்கு 126 மைல் ஓடி உலக சாதனை படைத்த எஞ்சின். பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்தாயிற்று, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றுவது நியாயம்தான். மல்லார்ட் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. ஆனால் டியூக் ஆஃப் க்ளாஸ்டர் என்று ஒன்று இருக்கிறது, எண் 71000. அதை மியூசியத்தோடு விட்டிருந்தால் அதன் மேல் விழுந்த பழி இன்றுவரை போயிருக்காது.

1952 அக்டோபர் 8-ம் தேதி ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோன் ஸ்டேஷனில் மூன்று ரயில்கள் மோதி 112 பேர் இறந்தார்கள். அதில் நொறுங்கிப்போன பிரின்சஸ் ஆன் என்ற எஞ்சினுக்குப் பதிலாகத்தான் 1954-ல் க்ரூ பணிமனையில் டியூக்கைக் கட்டினார்கள். மூன்று சிலிண்டர். கார் எஞ்சினில் இருப்பதுபோல் கேம் வைத்துத் திறந்து மூடுகிற காப்ரோட்டி வால்வு. ஸ்விண்டனில் சோதித்துப் பார்த்தபோது நீராவியைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதில் அதன் சிலிண்டர்கள் அபாரம் என்று தெரிந்தது. ஆனால் லைனில் போனால் கரியை வாரி வாரிப் போட்டாலும் பிரஷர் நிற்காது. ஃபயர்மேன்களுக்கு அதைக் கண்டாலே பிடிக்கவில்லை. அதே ரகத்தில் இரண்டாவது எஞ்சின் கட்டவே இல்லை, 1962-ல் எட்டே வருடத்தில் ஓரம் கட்டிவிட்டார்கள்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ஒரு பர்னர் சர்வீஸ் என்ஜினியர். எங்கள் பாய்லர் அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார். நான் மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு உணவுத் தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கிறவன், அப்போது நைட் ஷிஃப்ட். ஒரு குளிர்காலம் முழுக்க இரவில் மட்டும் பர்னர் தானாக அணைந்து பூட்டிக்கொள்ளும், லாக்அவுட் என்போம். ரீசெட் பட்டனை அழுத்தினால் கொஞ்ச நேரம் எரியும், மறுபடி அணையும். பகலில் ஒரு தொந்தரவும் கிடையாது. அப்புறம் என்ன, முடிவு தயார்: நைட் ஷிஃப்ட் ஆட்களுக்கு வேலை தெரியவில்லை. நான், ஒரு பஞ்சாபி, ஒரு போலந்துக்காரர். எங்களுக்கு மட்டும் மறுபடி பயிற்சி வகுப்பு வைத்தார்கள்.

அந்த என்ஜினியர் ராத்திரி வந்தார். பேனலைத் தொடவே இல்லை. கதவைத் திறந்து வைக்கச் சொன்னார், தீ நின்று எரிந்தது. மூடச் சொன்னார், துடித்து அணைந்தது. டார்ச்சோடு வெளியே போய்ச் சுவரைச் சுற்றிப் பார்த்தால், காற்று உள்ளே வரும் லூவரை யாரோ பிளைவுட் பலகை வைத்து மறைத்து, சுவரோடு சேர்த்துச் சாம்பல் பெயின்ட்டும் அடித்திருந்தார்கள். உள்ளே குழாய் உறையாமல் இருக்கட்டும் என்று செய்த வேலையாம். பகலில் ஃபோர்க்லிஃப்ட் போய் வருவதால் கதவு திறந்தே கிடக்கும். ராத்திரி குளிருக்கு நாங்கள் மூடிவிடுவோம். அவ்வளவுதான் விஷயம். பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "உங்களுக்கு டியூக் கதை தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

டியூக்கை முதலில் தேசியச் சேகரிப்புக்கென்று எடுத்து வைத்தார்கள். பிறகு, முழு எஞ்சின் எதற்கு, வால்வு அமைப்பு மட்டும் போதும் என்று வெளிப்பக்கச் சிலிண்டர் ஒன்றைக் கழற்றி லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் வைத்தார்கள். எடை ஒரு பக்கம் சாயாமல் இருக்க மறுபக்கச் சிலிண்டரையும் எடுத்தாயிற்று. மிச்சம் 1967-ல் வேல்ஸில் பாரி என்ற ஊரின் பழைய இரும்புக் கிடங்குக்குப் போனது. அந்தக் கிடங்குக்காரர் முதலில் சரக்கு வேகன்களை வெட்டிக்கொண்டிருந்ததால் எஞ்சின்கள் அப்படியே துருப்பிடித்து நின்றன. அங்கிருந்து மட்டும் 213 எஞ்சின்கள் தப்பித்தன. 1974-ல் ஆர்வலர்கள் டியூக்கை வாங்கியபோது பலரும் சிரித்திருக்கிறார்கள். புதுச் சிலிண்டர் வார்த்து, வால்வு அமைப்பையும் புதிதாகச் செய்து, 1986-ல் ஓட வைத்தார்கள்.

வேலையின் நடுவில்தான் குட்டு வெளிப்பட்டது. சாம்பல் தட்டில் காற்று நுழைகிற டேம்பர்கள் வரைபடத்தில் இருந்த அளவில் செய்யப்படவே இல்லை, திறப்பு சின்னது. புகைபோக்கியும் அந்த அளவு எஞ்சினுக்குச் சிறியது. நெருப்புக்கு மூச்சு விடவே காற்று இல்லை, எவ்வளவு கரி போட்டு என்ன பயன்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்போம். இங்கே கூடம் நிஜமாகவே கோணல். டேம்பரைச் சரிசெய்து, பின்னாளில் காற்றை இன்னும் பலமாக இழுக்கும் கைல்சாப் என்ற வகைப் புகைபோக்கியும் மாட்டியதும், பிரிட்டனின் பலமான எஞ்சின்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. கைல்சாப் மாட்டியபின் அது அசல் எஞ்சினே இல்லை என்று சிலர் கமென்ட்டில் வருவார்கள், தெரியும். கைல்சாப் வைக்கலாம் என்ற யோசனை அந்தக் காலத்திலேயே சொல்லப்பட்டு, கேட்காமல் விட்டது.

வட இங்கிலாந்தில் ஷாப் என்ற மலைப்பாதை ஏற்றத்தில் ஒருமுறை அதைப் பார்த்தேன், 75 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவு. வழக்கமான 'குப் குப்' இல்லை, ஒவ்வொரு அடியும் வெட்டினாற்போல் தனித்தனியாக விழுந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சிலிண்டரில் இதைக் கேட்க முடியாது. அதைவிட முக்கியம், ஓட வைக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் டேம்பரை யார் அளந்து பார்த்திருப்பார்கள்?

நடுவில் ஒரு சொந்தப் புலம்பல். பலகை கிடைத்த பிறகும் எங்கள் வருடாந்திர மதிப்பீட்டில் 'மேற்பார்வை தேவை' என்று எழுதியதை எடுக்கவே இல்லை. கேட்டால், சிஸ்டத்தில் பழைய வருடத்தைத் திருத்த முடியாதாம். அந்த வருட போனஸும் போச்சு. சரி, விடுங்கள்.

மக்கள் வரிப்பணம் என்று கோபப்படுகிறவர்களுக்கு: டியூக் ஒரு டிரஸ்ட்டின் சொத்து, நன்கொடையிலும் ஆர்வலர்களின் உழைப்பிலும் வந்தது. நீங்கள் மனதில் வைத்துக் கேட்பது ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் என்றால் அது வேறு கணக்கு. 2004-ல் தேசிய ரயில்வே மியூசியம் அதை வாங்கி, பத்து வருடம் பழுதுபார்த்து, 2016-ல் ஓட வைப்பதற்குள் பழுதுபார்ப்புக்கு மட்டும் 42 லட்சம் பவுண்ட் ஆனது. அந்தச் செலவைக் கேட்டால் எனக்கும் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்கிறது.